காணாக்கடியும் நீராடலும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியன் தருவது இலக்கியக் கட்டுரையாகவே இருக்குமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ குளித்தபின் தோலில் எழுகின்ற தடிப்பைப் பற்றி. இது வைத்தியர்க்குரிய பொருளன்றோ எனச் சக ஆசிரியர் ஒருவர் வினாவினார். உண்மைதான். எனினும் இப்பொருளை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். அவனிடத்து யான் இழைத்த பிழை இருபது ஆண்டுகளாக என் நெஞ்சை விட்டகலவில்லை. ஆதலின் எழுதுகின்றேன். விடுதிகளிலே பிள்ளைகளை மேற்பார்க்கும் ஆசிரியரும், விடுதியில் வாழும் மாணாக்கரும் சற்றுப் பொறுமையோடு படிப்பாராக.

என் முதல் நியமனம் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கிடைத்தது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்துக் குளித்துப் பழகிய எனக்கு அவ்வூர்க் குழாய் நீர் முதல் வாரத்தில் நடுக்கத்தையே தந்தது. விடுதிப் பொறுப்பும் என்பால் வந்தது. காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் குளித்து, திருநீறு தரித்து, ஆறு மணிப் பிரார்த்தனைக்கு வருதல் வேண்டும் என்பது விதி. பத்தாம் வகுப்பு மாணவனொருவன் இவ்விதியைப் பலகாலும் ஏய்த்து வந்தான். தலைமயிரை மாத்திரம் நனைத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பான். "ஏன் தம்பி குளிக்கவில்லை?" என்று கேட்டால், "தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளாது, சேர்" என்பான். மற்றப் பிள்ளைகள் நகைப்பர். சோம்பேறி என்றொரு பட்டமும் அவனுக்குக் கிடைத்திருந்தது. மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் யானே குழாயடியில் நின்று அவனைக் குளிப்பித்தேன். குளிப்பித்தேன் என்று எழுதுதல் எளிது. வற்புறுத்தினேன் என்பதே சரி.

குளிக்கும்பொழுது அவன் ஒன்றும் சொல்லவில்லை. துவாயைப் போர்த்துக்கொண்டு திரும்பிய சில நிமிடங்களுள் முதுகிலும் தோள்களிலும் தொடைகளிலும் வெளிறிய தடிப்புகள் எழுந்தன. அவற்றைச் சூழச் சிவப்புப் படர்ந்தது. தனித்தனியே எழுந்தவை ஒன்றோடொன்று கூடி உள்ளங்கை அகலமாயின. உதடு வீங்கிற்று. "தலை சுற்றுது, சேர்" என்று சொல்லித் தரையில் அமர்ந்துவிட்டான். முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றி வைத்தியசாலைக்கு விரைந்தோம்.

அங்கிருந்த இளம் வைத்தியர் உடனே ஊசி மருந்தேற்றினார். நாடி சீராயிற்று, வீக்கமும் மெல்ல வடிந்தது. மருந்தின் வேகம் தணிந்து இரு வாரங்கள் கழிந்தபின் எங்களை மீண்டும் வரச்செய்து, மெல்லிய பொலித்தீன் பையிற் பனிக்கட்டியையிட்டு அவன் முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தோம். பனிக்கட்டி இருந்த இடம் அதே உருவிற் தடித்து எழுந்து நின்றது. "மாஸ்டர், இவன் சோம்பேறியில்லை. இவனுக்குக் குளிர் ஆகாது. தனியே ஆற்றில் இறங்கியிருந்தால் நாங்கள் இன்று இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்" என்றார். அவ்விடத்தில் எனக்கு மறுமொழி வரவில்லை.

உடம்பிற் சடுதியாகத் திட்டுத் திட்டாய்த் தடித்துச் சிவந்து தினவெடுக்கும் இந்நோயை நம் முன்னோர் காணாக்கடி என்றனர். கடித்தது யாதெனக் காணப்படாமையின் அப்பெயர். ஐரோப்பிய வைத்தியர் இதனை ஊட்டிக்கேரியா என்பர். அது முட்செறிந்து சுணைக்கும் செடியொன்றின் இலத்தீன் பெயராகிய ஊட்டிக்கா என்பதன் அடியாகப் பிறந்தது. நம் வேலியோரத்துக் காஞ்சொறி பட்டாற்போலத் தோல் தடிப்பதனால் இட்ட பெயர். அவர்கள் பெயர் தடிப்பின் தோற்றத்தைச் சொல்லுகின்றது. நம் பெயர் காரணத்தின் மறைவைச் சொல்லுகின்றது. பின்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் இந்நோயில் வைத்தியரை அலைக்கழிப்பது அம்மறைவே. கிராமங்களில் வேப்பிலை கொண்டு தடவிப் பார்வை பார்ப்பித்தல் வழக்கமாயிருந்தது. இத்தடிப்பு ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும் இயல்பினது. ஆதலின் பார்வை பார்த்தவர் எவரும் தோற்றதில்லை.

ஒவ்வாமை என்னும் சொல்லையும் இங்கே கவனித்தல் வேண்டும. வியன்னா நகரத்துப் பாலர் வைத்தியராகிய கிளெமென்ஸ் பொன் பிர்க்கே என்பார் 1906 ஆம் ஆண்டிலே 'அலேர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். கிரேக்க மொழியில் 'வேறு' என்றும் 'செயல்' என்றும் பொருள்படும் இரு சொற்களின் கூட்டு அது. உடம்பு ஒரு பொருளை எதிர்கொள்ளும் முறை வேறுபட்டுப்போதல் என்பது கருத்து. தமிழில் ஒவ்வாமை என்கின்றோம். ஒவ்வுதல், ஒத்தல் என்னும் இரண்டும் ஓரடியிற் பிறந்தவை. அம்மாணவன் 'ஒத்துக்கொள்ளாது' என்று சொன்னபொழுது, நூலோர் வழங்கும் சொல்லின் உடன்பிறப்பையே சொன்னான். சொல்லாராய்ச்சியிற் பழகிய செவிக்கு அது கேட்கவில்லை.

இனி, தோலினுள் நிகழ்வது யாது? 1878 ஆம் ஆண்டில், ஜேர்மனியில் இன்னும் மாணவராயிருந்த போல் ஏர்லிக், சாயமூட்டிய இழையங்களை நுணுக்குக்காட்டியால் நோக்கி, குருணிகள் நிறைந்த கலங்கள் சிலவற்றை விவரித்தார். அவை உணவுண்டு பருத்தவை எனக் கருதிக் 'கொழுத்த கலம்' எனப் பொருள்தரும் பெயரை இட்டார். கருத்துப் பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. அக்குருணிகள் உணவல்ல, இசுத்தமின் என்னும் இரசாயனப் பொருளின் களஞ்சியம் என்பதை 1953 இல் றைலி, வெஸ்ற் என்னும் இருவர் காட்டினர். இக்கலங்கள் தூண்டப்பட்டு இசுத்தமினைச் சொரியும்பொழுது அருகிலுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் விரியும், சிவப்பு அதனால். குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர்ப்பாகம் கசியும், தடிப்பு அதனால். நரம்பு நுனிகள் உறுத்தப்படும், தினவு அதனால். உடம்பெங்கும் ஒருங்கே இவ்வாறு நிகழின் குருதியமுக்கம் வீழ்ந்து மயக்கம் உண்டாகும். என் மாணவன் தரையில் அமர்ந்தது இதனாலேயே.

கொழுத்த கலத்தைத் தூண்டுவது எது என்பதே வினா. "தண்ணீர் பிடிக்கவில்லை" என்று நாம் எளிதிற் சொல்லிவிடுகின்றோம். குளித்தல் என்பது ஒரு செயல்போலத் தோன்றினும் உண்மையிற் பல செயல்களின் தொகுதி. நீர் குளிர்ந்ததாகலாம், சூடானதாகலாம். சவர்க்காரம் உண்டு, தலைக்கு வேறொரு பொருள் உண்டு. தேய்த்தல் உண்டு, துவாயால் துவட்டுதல் உண்டு. ஈர உடம்பிற் காற்றுப்படுதலும் உண்டு. இவற்றுள் எது குற்றவாளி எனத் தடிப்பின் உருவும் அது எழுந்த நேரமுமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

குளிரால் எழுவதை முதலிற் கூறுகின்றேன். உயிருக்கு ஊறு செய்ய வல்லது அதுவே. குளிர்ந்த நீர் பட்ட இடங்களில், உடம்பு மீண்டும் சூடேறத் தொடங்கும் நிமிடங்களில் அகன்ற தடிப்புகள் தோன்றும். ஈர உடம்பில் வீசுங் காற்றும் சிலருக்குப் போதும். பனிப்பழம் உண்டபின் உதடு தடித்தலும் உண்டு. அமெரிக்காவில் ஹோட்டன் என்பாரும் உடனாய்வாளரும் 1936 இல் இந்நோயை விரிவாக ஆராய்ந்து, குளிரினால் உடம்பு முழுவதும் இசுத்தமின் பரந்தாற்போன்ற விளைவுகள் உண்டாவதை எழுதினர். நல்ல நீச்சற்காரர் சிலர் காரணந் தோன்றாமல் நீரில் மயங்கி அமிழ்வதற்கு இதுவும் ஒரு விளக்கமாயிற்று. குழாயடியிற் கையை நனைத்துப் பார்த்து ஒன்றும் நேரவில்லை எனக் கொண்டு குளத்திற் குதித்தல் ஆகாது. கையளவு தோல் குளிர்வதும் முழு உடம்பும் ஒருசேரக் குளிர்வதும் ஒன்றல்ல. இந்நோயுள்ள பிள்ளை கீரிமலைக் கேணியாயினும், வன்னிக் குளமாயினும், மலைநாட்டு அருவியாயினும் தனியே இறங்கலாகாது. உடன் வருவோர் காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பேருந்து புறப்படுமுன்னர் ஒரு வினாக் கேட்டால் ஒரு நிமிடமே செல்லும்.

வெப்பத்தால் எழுவது இதற்கு மறுதலை. சுடுநீர்க் குழாயின் கீழ் நின்றவுடன் மார்பிலும் முதுகிலும் கடுகளவான தடிப்புகள் நூற்றுக்கணக்கில் எழும். ஒவ்வொன்றையும் சூழ அகன்ற சிவப்பு. ஊசியாற் குத்துவது போன்ற தினவு. ஒரு மணி நேரத்துள் பெரும்பாலும் அடங்கும். இளவயதினரிடத்தே இது மிகுதி. சுடுநீர் மாத்திரமன்று, ஓட்டம், உறைப்பான கறி, சினம், அச்சம் என உடம்பை வெதும்பச் செய்வன எல்லாம் இதனைத் தூண்டும். அமெரிக்க வைத்தியராகிய டியூக் 1924 இல் இவ்வகைப் பௌதிகக் காரணங்களாற் பிறக்குந் தடிப்புகளைப் பிரித்துக் காட்டினார். மனப்பாடம் ஒப்பிக்க எழுந்து நின்றதும் கழுத்தைச் சொறியும் மாணவனைக் கண்டால், இப்பொழுதெல்லாம் யான் அவனை உடனே கடிந்துகொள்வதில்லை.

தேய்ப்பால் எழுவதைச் சுருங்கச் சொல்லலாம். சிலரது தோலில் நகத்தாற் கீறினால் அக்கீற்று எழுத்துப்போலப் புடைத்து நிற்கும். உலர்ந்த பீர்க்கங்காய்க் கூட்டாற் பலமாகத் தேய்த்தாலும், முரட்டுத் துவாயால் துவட்டினாலும், தேய்த்த வழியே கோடு கோடாகத் தடிக்கும். அரைமணி, ஒருமணி நேரத்தில் மறைந்துவிடும். இவர்கள் ஈரத்தை ஒற்றி எடுத்தல் போதும்.

சவர்க்காரத்தின் கதை நெடியது. அதனாலாகும் கேடு பெரும்பாலும் குளித்தவுடன் எழுவதன்று. மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் எழுவது. தடிப்பாகவும் இராது; உலர்ந்து, செதிலாகி, வெடித்துக் கரப்பனாய் நிற்கும். சவர்க்காரம் காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் 9 முதல் 10 வரை. நலமுள்ள தோலின் மேற்பரப்போ சிறிது அமிலத்தன்மையுடையது. 5 ஐ அண்டியது. நாள்தோறும் இருமுறை சவர்க்காரம் பூசித் தேய்ப்பவர் தோலின் எண்ணெய்ப்பூச்சைத் தாமே கழுவிவிடுகின்றனர். கனடாவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர், அந்நாட்டுத் தண்ணீர் தமக்குப் பிடிக்கவில்லை எனவும் பனிக்காலம் முழுவதும் உடம்பு கடிக்கிறது எனவும் முறையிட்டார். வினாவியபொழுது, குளிருக்கு அஞ்சிக் கால்மணி நேரத்துக்கு மேலாகக் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும், சூடேற்றிய அறையின் உலர்ந்த காற்றில் நாள் முழுவதும் இருப்பதையும் சொன்னார். தண்ணீரின்மேற் பழியைப் போட்டுவிட்டு வெந்நீரையும் சவர்க்காரத்தையும் அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நம் குடாநாட்டு நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் இருத்தலின் நம் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத கசடாய் வாளியிலும் தோலிலும் படியும். வன்னீர் கரப்பனை வளர்க்கும் என்னும் ஐயம் பிறநாடுகளிலும் உண்டு. எனினும் இங்கிலாந்தில் கரப்பனுள்ள 336 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நீரை மென்னீராக்கும் பொறி பொருத்தியதாற் கூடுதலான நன்மை விளையவில்லை எனக் கண்டனர். ஆதலின் பொறி விற்போர் சொல்வதைக் கேட்டுப் பணத்தை இறைக்குமுன் சவர்க்காரத்தைக் குறைத்துப் பார்த்தல் நன்று.

வாசனைப் பொருளும், கெடாமற் காக்கச் சேர்க்கும் பொருள்களும் உண்மையான ஒவ்வாமையை விளைக்கும். மெதயில்ஐசோதயசோலினோன் என்னும் காப்புப் பொருளைத் தலைகழுவும் திரவங்களிலும் ஈரத் துடைதாள்களிலும் மிகுதியாகச் சேர்த்ததனால் பலர் பாதிக்கப்பட, அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கத்தார் 2013 ஆம் ஆண்டிற்குரிய ஒவ்வாப்பொருளாக அதனை அறிவித்தனர். ஜப்பானில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. கோதுமைப் புரதத்தைப் பகுத்துச் சேர்த்த முகச் சவர்க்காரமொன்றைப் பூசிவந்தோருள் 2,000 க்கு மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளாயினர். அதுவரை தீங்கின்றிக் கோதுமை உணவு உண்டவர்கள், அதனை உண்டபின் கண்ணிமை வீங்கி இடர்ப்பட்டனர். சிலர் உயிராபத்தான நிலையையும் அடைந்தனர். 2011 இல் அச்சவர்க்காரம் மீளப்பெறப்பட்டது. தோல்வழியே புகுந்த பொருள் வாய்வழியே வந்தபொழுது உடம்பு அதனைப் பகைவனாக அடையாளங் கண்டது.

இயற்கைப் பொருளாயின் தீங்கில்லை என எண்ணுவாரும் உளர். சீயக்காயும் அரப்பும் பயற்றமாவும் பெரும்பாலோர்க்கு நல்லனவே. யானும் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைத்து முழுகுபவனே. ஆயினும் தேசிக்காய் தேய்த்து முழுகியபின் அதனை நன்கு கழுவாமல் வெயிலில் நிற்றல் ஆகாது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் எரிவும் கொப்புளமும் உண்டாகி, பின்னர் கருமை வாரக்கணக்காய் நிற்கும். இது ஒவ்வாமையன்று, சாற்றிலுள்ள பொருளும் சூரிய ஒளியும் கூடித் தோலைச் சுடுதலாகும்.

இத்தனையையும் நீக்கியபின், நீர்தானே காரணமாயிருத்தலும் உண்டு. ஆனால் மிக அரிது. 1964 ஆம் ஆண்டில் ஷெல்லி, றோன்ஸ்லி என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் இதனை முதன்முதல் விவரித்தனர். நீர் குளிர்ந்ததோ சூடானதோ என்னும் வேறுபாடின்றி, உடம்பின் மேற்பாகத்தில் மயிர்க்கால்களைச் சூழச் சிறு தடிப்புகள் எழும். உடற்சூட்டுக்கு அண்மையான நீரில் நனைத்த துணியை மார்பிலோ முதுகிலோ அரைமணி நேரம் இட்டு வைத்தியர் சோதிப்பர். நீரை உண்பதால் இவர்களுட் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை என்பது விந்தை. தோலின் எண்ணெயோடு நீர் கூடி வேறொரு பொருளை ஆக்குவதே காரணம் என முதலிற் கண்டவர்கள் கருதினர்.

மற்றொன்று: தடிப்பே இராது, தினவு மாத்திரம் இருக்கும். குளித்து முடித்த சில நிமிடங்களிற் தாங்கொணாத கடி தொடங்கி ஒரு மணி நேரமளவும் வாட்டும்; தோலை நோக்கினால் ஒன்றும் தெரியாது. கிறீவ்ஸ் என்பாரும் உடனாய்வாளரும் 1981 இல் இதனைத் தனி நோயாக எழுதினர். காணத்தக்க அடையாளம் இல்லாமையின் இவர்களையே உலகம் மிகுதியாக நகைக்கின்றது. வயது முதிர்ந்தோர்க்கு இது புதிதாகத் தொடங்கின் இரத்தச் சோதனை செய்தல் இன்றியமையாதது. குருதியிற் செங்கலங்கள் அளவிறந்து பெருகும் நோயொன்றின் முன்னறிவிப்பாக இத்தினவு ஆண்டுகள் சிலவற்றுக்கு முன்னரே வருதல் உண்டு. அறுபதைக் கடந்த பழைய மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

வைத்தியரிடம் செல்லுமுன் ஒரு கொப்பியில் இரு வாரம் எழுதி வருதல் பேருதவியாகும். குளித்த நேரம், நீரின் சூடு, பூசிய பொருள்கள், தடிப்பு எழுந்த நேரம், மறைந்த நேரம், அதன் அளவு, இடம் ஆகியவற்றை எழுதுக. கைத்தொலைபேசியாற் படமும் பிடித்துக்கொள்க. வைத்தியரைக் காணும்பொழுது தடிப்பு மறைந்துபோயிருக்கும். ஒருநாள் சவர்க்காரமின்றியும், ஒருநாள் தேய்க்காமலும் குளித்துப் பார்க்கலாம். பனிக்கட்டிச் சோதனையை மாத்திரம் வீட்டிற் செய்யற்க.

மருந்துகளுள் இசுத்தமினைத் தடுப்பனவே முதன்மையானவை. அவற்றின் வழியை 1937 இல் திறந்தவர் டானியல் போவே. 1957 இல் நோபெற் பரிசு பெற்றார். பழைய குளோபெனிரமின் குளிசை உறக்கத்தைத் தரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அதனை விழுங்கிவிட்டு மேசையிற் தலைசாய்ப்பதை யான் கண்டிருக்கின்றேன். செற்றிரிசின், லோறற்றடீன் முதலிய புதியவை அத்துணை உறக்கந் தாரா. எது தக்கது என்பதை வைத்தியரே சொல்லல் வேண்டும். மூச்சு முட்டல், குரல் அடைத்தல், நா வீங்குதல், மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் குளிசையோடு காத்திருத்தல் கூடாது. மயங்குபவரைக் கிடத்திக் கால்களை உயர்த்திவைத்து, மூச்சு முட்டுபவரைச் சாய்ந்திருக்கச் செய்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவிக்க.

அம்மாணவனின் கதையை முடிக்கவேண்டும். வைத்தியசாலையிலிருந்து திரும்பிய அன்று மாலை விடுதிப் பிள்ளைகள் யாவர் முன்னிலையிலும் யான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் நாணித் தலைகுனிந்து, "பரவாயில்லை, சேர்" என்றான். மறுநாள் தொடக்கம் சமையற்கட்டிலிருந்து ஒரு கேத்தல் சுடுநீர் அவன் வாளிக்கு வந்தது. அதனைச் சுமந்து வந்தவன், அவனுக்குச் சோம்பேறி என்று பட்டம் வைத்த பையன். மாணவன் இப்பொழுது வவுனியாவில் ஆசிரியனாய் இருக்கின்றான். சென்ற ஆண்டு குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். நண்பகல் வெயிலில் எங்கள் கிணற்று நீர் தன்னை ஒன்றுஞ் செய்வதில்லை என்று சொல்லி, துலாவடியில் நின்று நெடுநேரம் குளித்தான். யான் துவாயோடு அருகிலேயே நின்றேன். அவன் முதுகைப் பார்த்தபடி.